இருட்டை எங்கே வைப்பது? சாதாரண முகப்படத்தைச் சினிமா ஃபிரேமாக மாற்றுதல்

2025 செப்டம்பரில் கைபேசியைத் திறந்தவர்கள் அந்தப் படத்திலிருந்து தப்பித்திருக்க முடியாது. ஷிஃபான் புடவை, தலையில் பூ, பின்னால் ஒரு சுவர், அதன்மேல் சாய்ந்து விழும் மாலை வெயில், காற்றில் கலைந்த கூந்தல். கூகுளின் ஜெமினியில் படம் திருத்தும் புது வசதி ஆகஸ்ட் கடைசியில் வந்தது. அதன் செல்லப்பெயர் நானோ பனானா. சில வாரங்களில் நம் தெருவில் பாதிப் பேர் தொண்ணூறுகளின் கதாநாயகிகளாகிவிட்டார்கள். படங்கள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் பத்துப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் முகம் மட்டும்தான் வேறு. சுவர் அதே சுவர், வெயில் அதே வெயில். எல்லோரும் ஒரே கட்டளையை நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஒட்டுவதற்கான கட்டளைகள் வேண்டுமென்றால் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. இங்கே நாம் பார்க்கப்போவது, உங்கள் கையில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட முகத்துக்கு எந்த வெளிச்சம் பொருந்தும், அதை இயந்திரத்திடம் எப்படிச் சொல்வது என்பதை.

முதலில் ஒரு சொல்லைத் தள்ளிவையுங்கள்: ‘சினிமாட்டிக்’. இந்தக் கருவிகள் படத்தையும் அதனோடு எழுதப்பட்ட விவரத்தையும் கோடிக்கணக்கில் சேர்த்துப் பார்த்துப் பழகியவை. ‘சினிமாட்டிக்’ என்ற குறிப்பு ஆயிரம் விதமான படங்களோடு ஒட்டியிருந்தது. அதனால் அதைச் சொன்னால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று வரும்: நீலப்பச்சை நிழல், ஆரஞ்சு முகம், கொஞ்சம் புகை, ஈரச் சாலை, பின்னால் உருண்டையாக மங்கிய விளக்குகள். ‘சோகமாக’ என்று எழுதினால் கண்ணீர் வரும். ‘மர்மமாக’ என்றால் தலையில் முக்காடு விழும். உணர்ச்சியின் பெயரைச் சொன்னால் இயந்திரம் அந்த உணர்ச்சியின் விளம்பரப் பலகையைத் தருகிறது.

படப்பிடிப்புத் தளத்தில் இயக்குநர் “மூடியா ஒரு குளோஸப் வேணும் சார்” என்று சொன்னால் ஒளிப்பதிவாளர் திருப்பிக் கேட்பார்: எந்த நேரம்? வெளிச்சம் எங்கேயிருந்து வருது? ஜன்னலா, பல்பா? எதிர்ப்பக்கம் எவ்வளவு கறுப்பா விடலாம்? இந்தக் கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருந்தால் ‘மூட்’ என்ற சொல்லே தேவைப்படாது.

எந்தப் படத்தைக் கொடுப்பது

இதில்தான் வேலையின் பாதி முடிகிறது. நிழலே இல்லாத, சப்பென்று இருக்கும் படம்தான் நமக்கு வேண்டியது. மேகமூட்டமான பகலில் வாசலில் நின்று எடுத்தது, மரநிழலில் எடுத்தது, வெள்ளைச் சுவர் பக்கம் திரும்பி எடுத்தது. பார்க்க உப்புச்சப்பில்லாமல் இருக்கும். ஆனால் முகத்தின் எல்லாப் பகுதியும் அதில் தெரிகிறது. எங்கே நிழல் போட்டாலும் இயந்திரம் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. மாறாக, உச்சி வெயிலிலோ ஃபிளாஷிலோ எடுத்த படத்தில் நெற்றி வெளுத்து, மூக்கின் நிழல் உதட்டில் அழுத்தமாகப் படிந்திருக்கும். புது வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர, பழைய நிழல் கீழ்நோக்கியே நிற்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஏதோ இடிக்கிறது என்று மட்டும் தெரியும்.

கையை நீட்டி எடுத்த செல்ஃபியில் மூக்கு பெருத்து, காது சிறுத்து இருக்கும். லென்ஸ் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதே காரணம். வேறொருவரை இரண்டு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, இரண்டு மடங்கு ஜூமில் எடுக்கச் சொல்லுங்கள். அழகூட்டும் ஃபில்டரை அணைத்துவிடுங்கள். அது தோலின் துளைகளைத் துடைத்துவிடும், துடைத்த இடத்தில் இயந்திரம் மெழுகைத்தான் பூசும். போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம். முடியின் ஓரங்களை அது கத்தரித்து மங்கலாக்கியிருக்கும். பின்னால் ஒளி வைக்கும்போது அந்த ஓரம் அசிங்கமாக மின்னும். வாட்ஸ்அப்பில் படத்தை வாங்குவதானால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

முகபாவத்தைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டும். பல் தெரியச் சிரிக்கும் படத்தைப் பாதி இருட்டில் வைத்தால் அது வில்லன் சிரிப்பாகிவிடும். “சிரிப்பை எடுத்துவிடு” என்று இயந்திரத்திடம் சொல்லலாம், எடுத்தும்விடும். ஆனால் சிரிப்பு உதட்டில் மட்டும் இருப்பதில்லை. கன்னம், கண்ணோரம், மூக்கின் அகலம் எல்லாம் அதில் சேர்த்தி. அத்தனையும் மாறிய பிறகு உங்களுக்குக் கிடைப்பவர் அவருடைய சித்தப்பா மகன் மாதிரி இருப்பார். சும்மா இருக்கும் முகம் வேண்டுமென்றால், சும்மா இருக்கும்போது எடுத்த படத்தைத் தேடுங்கள். இல்லையென்றால் மறுபடி எடுங்கள்.

முகம் சிறிதாக இருக்கும் குழுப்படமும் உதவாது. கல்யாண ஆல்பத்தில் மூன்றாவது வரிசையில் நிற்கும் பாட்டியை வெட்டி எடுத்துக் கொடுத்தால், திரும்பி வருவது பாட்டி சாயலில் இயந்திரம் கற்பனை செய்த ஒரு பெண்மணி.

நான்கு கேள்விகள்

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது முதல் கேள்வி. மற்ற மூன்றையும்விடக் கனமானதும் அதுதான்.

பக்கவாட்டில், முகத்துக்குச் சற்று முன்னால், கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒளி இருந்தால் எதிர்க்கன்னத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன முக்கோணம் மட்டும் வெளிச்சமாக நிற்கும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் பெயரால் வழங்கும் ஒளியமைப்பு இது. முகப்படத்தில் தொடக்கக்காரருக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. நிழலும் இருக்கும், ஆளும் தெரிவார்.

நேர் மேலே வைத்தால் கதையே வேறு. 1972இல் வந்த ‘தி காட்ஃபாதர்’ படத்தில் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ், மார்லன் பிராண்டோவுக்குத் தலைக்கு மேலிருந்து ஒளி வைத்தார். கண்குழியில் நிழல் விழுந்து சில இடங்களில் கண்ணே தெரியவில்லை. இந்த மனிதர் என்ன நினைக்கிறார் என்று நமக்குத் தெரியாது. பயம் அங்கேதான் பிறக்கிறது. 1987இல் வந்த ‘நாயகன்’ படத்துக்குத் தேசிய விருது வாங்கிய ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராமின் இருட்டையும் ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்: எந்தக் காட்சியில் முகத்தின் எந்தப் பாதியை அவர் நமக்குத் தராமல் வைத்திருக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். உங்கள் அக்காவின் பிறந்தநாள் படத்துக்கு மேல்வெளிச்சம் வேண்டாம். தாத்தாவின் படத்துக்கு, அவர் முகம் தாங்குமென்றால், வைத்துப் பார்க்கலாம்.

பின்னாலிருந்து வரும் ஒளி தலைமுடியிலும் தோளிலும் ஒரு கோடு போட்டு ஆளைச் சுவரிலிருந்து பிரிக்கும். தளத்தில் பேக்லைட் என்பார்கள். இது மட்டுமே இருந்தால் முகம் முழுக்கக் கறுத்துவிடும். முன்னால் சிறிது ஒளி திரும்பி வர வேண்டும். நம் தளங்களில் அதற்குத் தெர்மாகோல் பலகையைப் பிடிப்பார்கள். கட்டளையில் “எதிரே இருக்கும் வெள்ளைச் சுவரிலிருந்து லேசான வெளிச்சம் முகத்தில் திரும்பி விழுகிறது” என்று எழுதினால் போதும்.

ஒளி எவ்வளவு பெரியது என்பது இரண்டாவது. பெரிய ஜன்னல், மேகம், வேட்டி கட்டி மறைத்த வெளிச்சம் எல்லாம் மென்மையான நிழல் தரும். ஒற்றைப் பல்பு, டார்ச், ஸ்கூட்டர் ஹெட்லைட் எல்லாம் கூரான நிழல் தரும். சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வுக்காக (1956) காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் கட்டியபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா மேலே துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்து, எதிரொளித்த வெளிச்சத்தில் படமெடுத்தார். வானத்திலிருந்து முற்றத்துக்குள் இறங்கும் திசையற்ற வெளிச்சம் அப்படியே கிடைத்தது. உங்கள் கட்டளையில் “மேலே திறந்த முற்றத்தின் வழியாக இறங்கும் நிழல்வெளிச்சம்” என்று எழுதலாம். “சாஃப்ட் லைட்” என்பதைவிட அது ஆயிரம் மடங்கு தெளிவு, ஏனென்றால் அதில் ஒரு இடம் இருக்கிறது.

மூன்றாவது, நிறம். பழைய குண்டு பல்பு சுமார் 2,700 கெல்வின், மஞ்சள். பகல் வெளிச்சம் 5,600ஐ ஒட்டி. மேகமூட்டமும் நிழலும் அதற்கும் மேலே, நீலம். சினிமாவின் வண்ண இரகசியம் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒரே ஃபிரேமில் விடுவதுதான்: வெளியே நீலச் சாயங்காலம், உள்ளே மஞ்சள் பல்பு. முகம் ஒன்றில், பின்னணி மற்றதில். தெருவிளக்கு வேண்டுமென்றால் ‘சோடியம் விளக்கு’ என்றே எழுதுங்கள். இப்போது தெருவெல்லாம் வெள்ளை எல்இடி ஆகிவிட்டதால் ‘தெருவிளக்கு’ என்று மட்டும் சொன்னால் எது வரும் என்று சொல்ல முடியாது.

நான்காவது கேள்வியை யாரும் கேட்பதில்லை: இருட்டுக்குள் என்ன இருக்கிறது? மை கொட்டியது போன்ற இருட்டு மலிவாகத் தெரியும். நல்ல ஒளிப்பதிவில் இருட்டிலும் சட்டை மடிப்பு தெரியும், கதவின் விளிம்பு தெரியும், நாற்காலியின் ஒரு கால் தெரியும். அதை நீங்கள் சொன்னால்தான் இயந்திரம் வைக்கும்.

ஒரு படம், தொடக்கத்திலிருந்து

எடுத்துக்காட்டுக்கு ஒரு சாதாரணப் படம். அப்பா, அறுபதைத் தாண்டியவர், ஹாலில் வெளிர்பச்சைச் சுவர் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கட்டம்போட்ட சட்டை, மூக்குக்கண்ணாடி. மேலே ட்யூப்லைட். பின்னால் காலண்டர், பாதி சுவிட்ச் போர்டு. கேமராவைப் பார்க்காமல் சற்றுப் பக்கமாகப் பார்க்கிறார். சப்பென்ற படம். நமக்கு வாய்த்த படம்.

அவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கமே ஜன்னலை வையுங்கள். கண் வெளிச்சத்தைத் தேடுவது இயல்பு. இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர் பயந்தவர் போலவோ தொலைந்தவர் போலவோ தெரிவார். அது வேண்டுமென்றால் மட்டும் மாற்றி வையுங்கள்.

ஜெமினி, சாட்ஜிபிடி போன்ற உரையாடல் கருவிகளுக்குத் தமிழ் புரியும். கட்டளை இப்படி இருக்கலாம்:

“இந்தப் படத்தில் இருப்பவரின் முகம், தோல் நிறம், நரை, நெற்றிச் சுருக்கம், மூக்குக்கண்ணாடி, சட்டை எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும். முகம் திரும்பியிருக்கும் கோணமும் உதடும் அப்படியே. நேரம், மழை வரப்போகும் சாயங்காலம். அறையில் விளக்கு எரியவில்லை. படத்தைப் பார்ப்பவருக்கு இடப்பக்கம், அவருக்குச் சற்று முன்னால், மரச்சட்டம் போட்ட பெரிய ஜன்னல்; அது ஃபிரேமுக்கு வெளியே இருக்கிறது. வெளிச்சம் அங்கிருந்து மட்டுமே வருகிறது, மென்மையாக, லேசான நீலத்தோடு. படத்தில் வலப்பக்கம் தெரியும் கன்னம் நிழலில், அந்தப் பக்கக் கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோணமாக வெளிச்சம். நிழலிலும் சட்டைக் கட்டம் தெரிகிறது. பின்னால் வெறுஞ்சுவர், ஏறக்குறைய இருட்டு. தூரத்தில் அடுப்படி வாசலில் ஒரு மஞ்சள் பல்பு மங்கலாக. மூக்குக்கண்ணாடி வில்லையில் ஜன்னலின் பிரதிபலிப்பு.”

இதில் சில விஷயங்களைக் கவனியுங்கள். மாறக்கூடாதவை முதலில் வந்துவிட்டன. ‘இடப்பக்கம்’ என்று மொட்டையாகச் சொல்லவில்லை. அவருடைய இடமா நம்முடைய இடமா என்பதில் இயந்திரம் எளிதாகக் குழம்பும். ‘காலண்டர் வேண்டாம்’ என்று எழுதாமல் ‘வெறுஞ்சுவர்’ என்று எழுதியிருக்கிறோம். வேண்டாததன் பெயரைச் சொன்னால் சில நேரம் அதுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன் இடத்தில் என்ன வேண்டும் என்று சொல்வதே நல்லது. கண்ணாடி வில்லையைப் பற்றிய கடைசி வரியை விட்டுவிட்டால் அறை முழுக்கச் சாயங்காலமாகியிருக்கும், அப்பாவின் கண்ணாடியில் மட்டும் ட்யூப்லைட்டின் வெள்ளைக் கோடு நிற்கும். கண்மணியில் விழும் வெளிச்சப் புள்ளிக்கும் இதே கதை.

முதல் படத்தில் பெரும்பாலும் இப்படி வரும்: வெளிச்சம் சரி, ஆனால் நிழல் போதாது. இயந்திரங்களுக்கு முகத்தைத் தெளிவாகக் காட்டும் ஆசை அதிகம்; நிழலில் இருக்க வேண்டிய கன்னத்தில் கேட்காத வெளிச்சத்தைக் கொஞ்சம் ஊற்றியிருக்கும். நெற்றிச் சுருக்கத்தில் இரண்டு குறைந்திருக்கும். அடுப்படிப் பல்பு தேவைக்கு மேல் பளபளக்கும். மூன்றையும் ஒரே மூச்சில் திருத்தச் சொல்லாதீர்கள். “படத்தின் வலப்பக்க நிழலை இன்னும் ஆழமாக்கு, மற்றதெல்லாம் அப்படியே” என்று ஒன்றை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

அதே நேரம், வந்த படத்தின்மேலேயே திருத்தம், அதன்மேல் திருத்தம் என்று போய்க்கொண்டே இருக்கவும் கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் இந்தக் கருவிகள் படம் முழுவதையும் புதிதாக வரைகின்றன; முகம் ஒவ்வொரு முறையும் ஒரு நூல் நகர்கிறது. சில சுற்றுகளுக்குப் பிறகு அப்பா இருந்த இடத்தில் அப்பாவைத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருப்பார். எது சரிவரவில்லை என்று கண்டுபிடித்ததும் அதைக் கட்டளையிலேயே சேர்த்து, புது உரையாடலில் அசல் படத்தைக் கொடுத்து மறுபடி தொடங்குங்கள்.

கணினியில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பிடி உண்டு: டீநாய்ஸிங் ஸ்ட்ரெங்த், அதாவது அசல் படத்தை எவ்வளவு மாற்றலாம் என்ற அளவு. 0.3ஐச் சுற்றி வைத்தால் முகம் நிற்கும், வெளிச்சம் பெரிதாக மாறாது, 0.7 தாண்டினால் வெளிச்சம் மாறும், ஆளும் மாறுவார். இந்த இழுபறியைத் தீர்க்கத்தான் முகத்தின் கோடுகளைப் பூட்டிவைக்கும் கன்ட்ரோல்நெட் 2023இலும், ஒளியை மட்டும் மாற்றும் ஐசி-லைட் 2024இலும் வந்தன. அவற்றுக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், கட்டளையை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆனால் படம் உங்கள் கணினியைவிட்டு வெளியே போகாது. சிலருக்கு அந்த ஒரு காரணமே போதும்.

ஒளியை மாற்றுவதும் படத்தைப் புதிதாக வரைவதும் வேறு வேறு வேலைகள். 2020இல் பிக்சல் கைபேசிகளில் வந்த போர்ட்ரெய்ட் லைட் முதல் வகை. அதைப் பழக்க கூகுள் ஒரு கோளக்கூண்டு செய்தது: 331 எல்இடி விளக்குகள், 64 கேமராக்கள், நடுவில் ஒரு ஆள். ஒவ்வொரு விளக்காக எரியவிட்டு, எந்தத் திசை ஒளிக்கு முகம் எப்படி இருக்கிறது என்று பதிவு செய்தார்கள். இப்படி எழுபது பேர். அதனால் அது ஆளைத் தொடாமல் ஒளியை மட்டும் நகர்த்துகிறது. ஆனால் பச்சைச் சுவரைச் சாயங்காலமாக்க அதற்குத் தெரியாது. வெறும் ஒளி போதுமென்றால் இப்படிப்பட்ட கருவியே மேல்.

நிறத்தைக் காப்பாற்றுதல்

கருவி எதுவானாலும் ஒரு சந்தேகத்தோடு பாருங்கள்: தோல் வெளுத்திருக்கிறதா? பெரும்பாலும் வெளுத்திருக்கும். இது புதிய நோய் அல்ல. பல ஆண்டுகளாக வண்ணப்பட லேப்களில் கோடாக் அனுப்பிய ‘ஷர்லி கார்ட்’ என்ற படத்தை வைத்துத்தான் நிறத்தைச் சரிபார்த்தார்கள். அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவர் சரியாகத் தெரிந்தால் லேப் சரி. நம் ஊர் ஸ்டுடியோக்களும் கல்யாண ஆல்பத்தில் “கலரைக் கொஞ்சம் தூக்கி”க் கொடுத்தே பழகிவிட்டன. இவையெல்லாம் சேர்ந்த படக்குவியலில் படித்த இயந்திரம் மாநிறத்தைத் திருத்த வேண்டிய பிழையாகப் பார்ப்பதில் வியப்பில்லை.

மாற்றுப் பாடத்துக்கு ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திராவிடம் போகலாம். நடிகைகள் ஷோபாவையும் அர்ச்சனாவையும் அவர் ஜன்னலோரம் உட்காரவைத்து, இருக்கிற வெளிச்சத்தில், இருக்கிற நிறத்தில் எடுத்தார். கறுப்புத் தோல் அழகாகத் தெரிய அதன்மேல் வெளிச்சத்தைக் கொட்ட வேண்டியதில்லை; பெரிய, மென்மையான ஒளியைப் பக்கத்தில் வைத்தால் கன்ன எலும்பிலும் மூக்கின் முதுகிலும் நெற்றியோரத்திலும் ஒரு மினுக்கம் ஏறும். முகத்தின் வடிவத்தை அந்த மினுக்கமே வரைந்துவிடும். கட்டளையில் “தோல் நிறம் அசல் படத்தில் உள்ள அதே கருமையில், கன்ன எலும்பில் ஜன்னல் வெளிச்சத்தின் மினுக்கம்” என்று எழுதுங்கள். இருட்டான மனநிலைப் படங்களுக்கு நம் நிறம் குறையே அல்ல, வசதி. நிழலுக்குள் மெதுவாக இறங்கிப்போக வெளுத்த தோலைவிட இதற்கு நன்றாகத் தெரியும்.

அப்படியும் வெளுத்து வந்தால், கைவேலைதான். போட்டோஷாப்பிலோ, இணைய உலாவியில் இலவசமாக ஓடும் போட்டோபியாவிலோ, வந்த படத்தின்மேல் அசல் படத்தைத் தனி லேயராக வையுங்கள். அதன் பிளெண்ட் மோடை ‘கலர்’ என்று மாற்றி, ஒபாசிட்டியைப் பாதியாகக் குறைத்து, தோல் இருக்கும் இடத்துக்கு மட்டும் மாஸ்க் போடுங்கள். தோலின் சாயம் திரும்பிவிடும். இந்த மோடு வெளிச்ச அளவைத் தொடாது என்பதால், வெளுப்பு மிச்சமிருந்தால் கர்வ்ஸில் முகத்தை மட்டும் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். இதே முறையில், கண்ணும் வாயும் நகர்ந்திருந்தால் அந்த இடங்களில் சாதாரண மோடில் அசலை லேசாகக் கொண்டுவரலாம். இரண்டு படத்திலும் முகம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

சரிபார்க்க ஒரு வரிசை: மச்சம், காதின் வடிவம், முடி தொடங்கும் கோடு, பல்லிடுக்கு, தோடு, தாலிச்சங்கிலி, மோதிரம், கைவிரல்கள். மச்சத்தை இந்தக் கருவிகள் தூசி என்று நினைத்துத் துடைப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டும். கடைசியில் வீட்டில் ஒருவரிடம் எதுவும் சொல்லாமல் படத்தைக் காட்டுங்கள். “யாரு இது?” என்று ஒரு நொடி தயங்கினாலும் படம் தோற்றது.

கடைசி மெருகு

வெளிச்சம் அமைந்த பிறகு வண்ணமும் ஃபிலிம் துகளும் (கிரெய்ன்) சேர்ப்பதை இயந்திரத்திடம் விடாதீர்கள். சினிமாவில் டி.ஐ. (டிஜிட்டல் இன்டர்மீடியட்) என்ற தனிக்கட்டமாக நடக்கும் வேலை இது; கைபேசியில் லைட்ரூமோ ஸ்னாப்ஸீடோ போதும். நிழலில் கொஞ்சம் நீலப்பச்சை, வெளிச்சத்தில் கொஞ்சம் மஞ்சள். தோல் ஆரஞ்சுப் பக்கம் நிற்பதால் எதிர்நிறமான நீலப்பச்சை அதைத் தூக்கிக்காட்டும். இந்தக் கூட்டணி இவ்வளவு பிரபலமானதற்கு அதுதான் காரணம். காரணம் நல்லதுதான், ஆனால் எல்லாப் படத்திலும் அதையே பார்த்துச் சலித்துவிட்டது. பழுப்பு நிழலும் சாம்பல் வெளிச்சமும் வைத்துப் பாருங்கள். அப்பாவின் கட்டச் சட்டைக்கு அதுவே சரியாக இருக்கும்.

ஸ்னாப்ஸீடில் ‘எச்டிஆர்’ பொத்தானைத் தொடாதீர்கள். நாம் பாடுபட்டு வைத்த நிழலை எல்லாம் அது ஒரே விரல் அசைவில் வெளியே இழுத்துப்போட்டுவிடும். துகளைக் கடைசியில், அளவு மாற்றிய பிறகு சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் அளவு குறையும்போது கரைந்துபோகும். அது வெறும் அலங்காரமும் அல்ல. இயந்திரம் மெழுகாக்கிய கன்னமும் அசலிலிருந்து ஒட்டிய கண்ணும் ஒரே படமாகச் சேர, இரண்டின்மேலும் ஒரே துகள் படிய வேண்டும்.

அகலத்தைப் பொறுத்தவரை, சினிமாஸ்கோப் 2.39:1. முகத்தை ஒரு ஓரத்தில் வைத்து, அவர் பார்க்கும் பக்கம் இடம் விட்டால் அந்த வெற்றிடமே பாதி மனநிலையைக் கொண்டுவந்துவிடும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டுவிட்டால் சினிமா ஆகிவிடும் என்பது மட்டும் பொய்.

கேட்டுவிட்டுச் செய்யுங்கள்

அடுத்தவர் முகத்தை அவர் அனுமதியில்லாமல் எந்தக் கருவியிலும் ஏற்ற வேண்டாம். குழந்தைகள் படமென்றால் பெற்றோர் சொன்னாலும் இரண்டு முறை யோசியுங்கள். நீங்கள் ஏற்றும் படத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா என்பதற்குப் பல செயலிகளின் அமைப்புகளில் ஒரு பொத்தான் இருக்கிறது. முதல் வேலையாக அதைத் தேடி அணையுங்கள். ஜெமினி தரும் படங்களில் சின்த்ஐடி என்ற கண்ணுக்குத் தெரியாத குறி இருக்கும், அதனால் இது கேமராவில் எடுத்தது என்று சாதிக்க முயல வேண்டாம். ஆதார், பாஸ்போர்ட், பரீட்சை விண்ணப்பம் எதற்கும் இந்தப் படம் ஆகாது. இறந்தவர்களின் படத்தைச் செய்யும்போது வீட்டில் மற்றவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நினைவில் இருக்கும் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம் வந்து நிற்பதை எல்லோராலும் தாங்க முடியாது.

அச்சுக்குப் போகுமுன்

பல கருவிகள் தருவது 1,024 பிக்சலை ஒட்டிய படம். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அது மூன்றரை அங்குலம்கூட வராது. எட்டுக்குப் பத்து அளவுக்கு 2,400க்கு 3,000 பிக்சல் வேண்டும். பெரிதாக்கும் கருவியைப் பயன்படுத்தலாம். அதுவும் தோலைக் கற்பனை செய்யும் என்பதால் மச்சப் பரிசோதனையை மறுபடி ஒருமுறை செய்யுங்கள்.

கைபேசித் திரை தானே ஒளிர்வது, காகிதம் அப்படியில்லை. திரையில் அரைகுறையாகத் தெரியும் கட்டச் சட்டை, மேட் தாளில் முற்றிலும் கறுத்துவிடும். திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து வைத்துப் பாருங்கள். அப்போதும் நிழலில் சட்டைக் கட்டம் தெரியும்வரை நிழலைக் கொஞ்சம் ஏற்றுங்கள். முழுப் படத்தையும் ஏற்றாதீர்கள், நிழலை மட்டும். முதலில் நாலுக்கு ஆறு அளவில் ஒன்று அடித்து, பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பெரிய அளவுக்குப் போங்கள். லேப்பில் கொடுக்கும்போது “கரெக்‌ஷன் வேண்டாம், அப்படியே போடுங்க” என்று வாயால் சொல்வதோடு விடாமல் கவரின் மேலும் எழுதிக் கொடுங்கள். அங்கே கணினி முன்னால் இருப்பவர் நல்லெண்ணத்தில் பிரைட்னஸைத் தூக்கிவிடுவார்.